இயற்கை மரணம் என்று ஒரு பொய்!

போன மே மாதம். அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த வாரம். எங்கள் தெருமுனை அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடியில், அதாவது மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஒரு டீச்சரம்மா தனியாகக் குடியிருந்தார். வயது 78. கணவர் போய்ப் பல வருடம் ஆகிறது. மகன் வெளிநாட்டில், மகள் பெங்களூரில். தினமும் ராத்திரி ரெண்டு பேரும் போன் பண்ணிவிடுவார்கள். ‘சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியா?’ என்று கேட்பார்கள். ‘ஆச்சு... ஆச்சு’ என்பார்.

அந்த அம்மா ராத்திரி படுக்கப் போகும்முன் பால்கனியிலிருந்து கயிறு கட்டி ஒரு பிளாஸ்டிக் கூடையை இறக்கிவிடுவார். விடியற்காலையில் பால்காரப் பையன் அதில் ரெண்டு பாக்கெட் போட்டுவிட்டுப் போவான். அஞ்சரை மணிக்குக் கூடை மேலே ஏறிவிடும். முட்டி வலியோடு மூணு மாடி இறங்கி ஏற முடியாதவர் கண்டுபிடித்த லிஃப்ட் அது. தெருவே பார்க்கும்.

அன்று நான் நடைப்பயிற்சி முடித்துத் திரும்பும்போது மணி ஏழு. கூடை கீழேயே தொங்கிக்கொண்டிருந்தது. பால் பாக்கெட் உள்ளே இருந்தது. ‘பாவம், அசந்து தூங்கறாங்க போல’ என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, காபி குடித்து, பேப்பர் படித்தேன். பதினோரு மணிக்கு வீட்டு வேலைக்கு வருகிற பெண் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அலறியபோதுதான் ஆட்கள் மாடி ஏறினார்கள்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. தனியாக இருக்கிற பெண்மணிக்குத் திருட்டு பயம். அறைக்குள் நுழைந்தவர்களுக்கு முகத்தில் அடித்தது அனல். கட்டிலுக்குப் பக்கத்தில் சொம்பு. முக்கால்வாசித் தண்ணீர் அப்படியே இருந்தது.

டாக்டர் வந்தார். இதயம் நின்றதால் மரணம் என்று எழுதினார். யாருடைய மரணத்தில்தான் இதயம் நிற்காமல் இருக்கிறது? மாலையில் வந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். ‘புண்ணியவதி. படுக்கையில கிடக்காம, யாருக்கும் தொந்தரவு குடுக்காம போயிட்டாங்க. நல்ல சாவு.’ நானும் தலையாட்டினேன்.

டீச்சரம்மாவை வெயில்தான் கொன்றது என்று நான் சத்தியம் செய்யத் தயாரில்லை. ஆனால், அந்தக் கேள்வியை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. டாக்டர் கேட்கவில்லை, பிள்ளைகள் கேட்கவில்லை, கூடையைப் பார்த்துவிட்டு நடந்துபோன நானும் கேட்கவில்லை. 78 வயது என்றதும் எல்லாருக்கும் பதில் கிடைத்துவிட்டது. வயதானவர் செத்தால் அது இயற்கை மரணம்!

இந்த இயற்கை மரணம் என்கிற சௌகரியமான பொய்யைப் பற்றித்தான் இந்த வாரம்.

*

வெயில் என்றால் ரோட்டில் அலைகிறவனைத்தான் கொல்லும் என்று நமக்கொரு நினைப்பு. டி.வி.யில் வருடா வருடம் சொல்கிறார்கள்... ‘மதியம் பன்னிரண்டிலிருந்து மூணு மணி வரை முதியவர்கள் வெளியே வர வேண்டாம்’ என்று. சரி, வரவில்லை. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த வீட்டுக்குள்?

நாம் கட்டிவைத்திருப்பவை கான்கிரீட் அடுப்புகள். பகல் முழுக்க வெயிலைக் குடித்த மேல்தளம், சூரியன் போனபிறகு அதை நிதானமாக உள்ளே கக்குகிறது. ராத்திரி பத்து மணிக்குத் தெருவில் கடல் காற்று வீசும். மேல் மாடி அறையில் சுவரைத் தொட்டால் சுடும். உடம்புக்கு ஓய்வு வேண்டிய ராத்திரியிலும் அந்த அறை சூட்டை நிறுத்துவதில்லை. ஒரு நாள் என்றால் தாங்கலாம். நாலு நாள், அஞ்சு நாள் தொடர்ந்தால் வயதான உடம்பு கணக்கை முடித்துக்கொள்கிறது.

தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அங்கே பகலே தாங்காது.

இளவயது உடம்பு சூட்டைச் சமாளிக்க ரெண்டு வேலை செய்கிறது. ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பி ஆற்றுகிறது. வியர்வையைக் கொட்டி ஆவியாக்குகிறது. எழுபது வயதில் இந்த ரெண்டுமே மந்தம். வியர்வை குறைவு. தோலுக்கு ரத்தம் அனுப்ப இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். ஏற்கெனவே களைத்த இதயம் திணறுகிறது. எல்லாவற்றையும்விட மோசம், தாகம் எடுப்பதே குறைந்துவிடுகிறது. ‘எனக்குத் தாகமா இல்லப்பா’ என்று பாட்டி சொன்னால் அது உண்மைதான். தண்ணீர் வேண்டாம் என்று அர்த்தமில்லை. எச்சரிக்கை மணி ரிப்பேர் என்று அர்த்தம்.

அப்புறம் மாத்திரைகள். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக வெளியேற்றும். சில மாத்திரைகள் இதயத்தை வேகமாகத் துடிக்கவிடாது. மனநோய்க்கும் நடுக்கத்துக்கும் அலர்ஜிக்கும் தரப்படும் சில மருந்துகள் வியர்வையையே குறைத்துவிடும். நவம்பரில் எழுதிக் கொடுத்த அதே சீட்டை வைத்துக்கொண்டு மே மாதமும் மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டிருக்கிறோம். ‘வெயில் காலம் வருது, அளவை மாத்தணுமா டாக்டர்?’ என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? (நாமாக நிறுத்திவிடக் கூடாது. அது இன்னொரு ஆபத்து. கேட்க வேண்டும், அவ்வளவுதான்.)

இன்னொரு காரணத்தை எந்த டி.வி. அறிவிப்பும் சொல்லாது. வயதான பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம் போக வேண்டும். லைட் போட்டால் பேரன் தூக்கம் கெடும். டைல்ஸ் தரை வழுக்கும். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் மருமகளுக்கு பாரம். அதனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சொம்பைத் தொடுவதில்லை. டீச்சரம்மா கட்டிலருகே இருந்த முக்கால் சொம்புத் தண்ணீருக்கு இப்படியும் ஒரு அர்த்தம் உண்டு. ‘நிறையத் தண்ணி குடிங்கம்மா’ என்று போனில் சொல்வது சுலபம். பாத்ரூமில் ஒரு கைப்பிடி மாட்டிக் கொடுப்பதுதான் அவரைத் தண்ணீர் குடிக்க வைக்கும்.

ஆபத்து நெருங்கும்போதுகூட நமக்குத் தெரிவதில்லை. உடம்புச் சூடு மூளையைத் தாக்கினால் பேச்சு குழறும், சொன்னதையே சொல்வார், ஆள் தெரியாது, சம்பந்தமில்லாமல் கோபப்படுவார். இருபது வயதுப் பையன் இப்படிப் பேசினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். தாத்தா பேசினால்? ‘வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது’ என்று சேனல் மாற்றுவோம்.

*

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ப் பிரச்னை சார். அங்கேதான் அப்பா அம்மாவைத் தனியா விட்டுடுவாங்க. நம்ம கலாசாரம் அப்படியில்லை’ என்று ஒரு வாசகர் இந்நேரம் பேனாவை எடுத்திருப்பார். அவருக்காகவே வெள்ளைக்காரன் கதையைச் சொல்கிறேன்.

2003-ம் வருடம். மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் வெயில் பதிவானது. அதே வருடம் ஆகஸ்ட்டில் ஐரோப்பாவைப் பெரும் வெப்ப அலை தாக்கியது. பிரான்ஸில் மட்டும் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். ஐரோப்பா முழுக்க அந்தக் கோடையில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 70,000 பேருக்கு மேல் இறந்ததாகப் பின்னால் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பிரான்ஸில் செத்தவர்களில் பெரும்பாலோர் 75 வயதைத் தாண்டியவர்கள். ஆகஸ்ட் அங்கே விடுமுறை மாதம். பிள்ளைகள் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். டாக்டர்கள் போயிருந்தார்கள். சுகாதார அமைச்சரும் போயிருந்தார். விடுமுறை வீட்டிலிருந்து டி-ஷர்ட்டோடு டி.வி.க்குப் பேட்டி கொடுத்தார். கிழவர்களும் கிழவிகளும் பாரிஸின் மேல் மாடி அறைகளில் செத்துக் கிடந்தார்கள்.

செப்டம்பர் மாதம் பாரிஸ் அருகே 57 பேரைப் புதைத்தார்கள். யாரும் உரிமை கோராத உடல்கள். ஜனாதிபதி ஜாக் சிராக் நேரில் வந்து நின்றார்.

நீங்கள் நினைப்பது சரி. கேவலம்தான். ஆனால், அடுத்து அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் கேளுங்கள். ‘இயற்கை மரணம்’ என்று மூடிவைக்கவில்லை. எண்ணினார்கள். கணக்கு வெளியே வந்ததும் நாடே கூனிக் குறுகியது. பொது சுகாதாரத் துறைத் தலைவர் ராஜினாமா செய்தார். 2004-ல் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஊர் மேயரும் தன் ஊரில் தனியாக இருக்கும் முதியவர்கள், ஊனமுற்றவர்கள் பெயரைப் பதிவு செய்யும் பட்டியல் வைத்திருக்க வேண்டும். வெப்ப அலை அறிவிக்கப்பட்டால் அந்தப் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரையும் தொடர்புகொண்டு விசாரிக்க வேண்டும். இன்னொன்றும் செய்தார்கள். வருடத்தில் ஒரு நாள் எல்லோரும் கூடுதல் சம்பளம் இல்லாமல் வேலை செய்ய வேண்டும்; அதற்கு ஈடாக நிறுவனங்கள் தருகிற பணம் முதியோர், ஊனமுற்றோர் நலனுக்குப் போகும். தங்கள் குற்ற உணர்ச்சிக்கு ஒரு நாள் உழைப்பை விலையாக வைத்தார்கள்.

நாம்? பெற்றவர்களுக்குச் சோறு போடச் சொல்லி 2007-ல் நாடாளுமன்றத்தில் சட்டம் போட வேண்டியிருந்த கலாசாரம் நம்முடையது. கொஞ்சம் அடக்கிப் பேசுவோம்.

அமெரிக்காவின் சிகாகோவில் 1995 ஜூலையில் நடந்தது இன்னும் முக்கியமான பாடம். சில நாள் வெயிலில் 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். பிணவறையில் இடமில்லாமல் குளிர்பதன லாரிகளை வரவழைத்தார்கள். எரிக் க்ளைனன்பர்க் என்ற சமூகவியலாளர் அந்த மரணங்களைத் தெருத் தெருவாக ஆராய்ந்து, 2002-ல் ஒரு புத்தகம் எழுதினார். அடுத்தடுத்து இருக்கும் ரெண்டு பேட்டைகள். ரெண்டிலும் வறுமை, ரெண்டிலும் தனியாக வாழும் முதியவர்கள். ஆனால், ஒன்றில் சாவு விகிதம் மற்றதைப்போலப் பத்து மடங்கு. அதிகம் பேர் செத்த பேட்டையில் கடைகள் மூடிப்போய், மனைகள் காலியாகி, தெரு வெறிச்சோடி, வெளியே வரவே பயப்படுகிற நிலை. இன்னொன்றில் கடைகள், ஜன நடமாட்டம், கலகலப்பு. அங்கே கிழவர்கள் வெளியே வந்தார்கள். வராதவரை யாராவது தேடினார்கள்.

அதாவது, கூடை மேலே ஏறாததைக் கவனித்து மாடி ஏறுகிற தெருவில் ஆள் பிழைக்கிறார்.

*

சரி, நம் நாட்டுக்கே வருவோம். 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46 டிகிரியைத் தாண்டியது. அந்த மாதம் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஒவ்வொரு பிணத்தையும் அறுத்துப் பார்த்து அல்ல. சாதாரண வருடங்களில் மே மாதம் எத்தனை சாவு, இந்த மே மாதம் எத்தனை சாவு என்று கழித்துப் பார்த்தார்கள். அஞ்சாம் வகுப்புக் கணக்கு!

கணக்குப் போட்டதால் பயம் வந்தது. பயம் வந்ததால் 2013-ல் மாநகராட்சி ஒரு வெப்பச் செயல்திட்டம் போட்டது. தெற்காசியாவிலேயே முதலாவது. வண்ணக் குறியீட்டில் முன்னெச்சரிக்கை, ஆஸ்பத்திரிகளுக்குத் தயார்நிலை, ஏழைகள் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு. ஓர் அரசு ஆஸ்பத்திரியில் மேல் மாடியில் இருந்த பச்சிளம் குழந்தைகள் வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். இதற்கெல்லாம் கோடிக் கணக்கில் பணம் தேவைப்படவில்லை. கட்டிலை நகர்த்தினார்கள். ஒரு வாளி சுண்ணாம்பு அடித்தார்கள்.

தமிழக அரசும் தூங்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல அறிவிப்பு. வாய்விட்டுப் பாராட்டலாம்.

ஆனால், அந்தப் பணத்தை வாங்க, மரணம் வெப்பத்தால்தான் என்று உறுதியாக வேண்டும். வேலையிடத்தில் சுருண்டு விழுந்தவருக்கு சாட்சி இருக்கும், ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கும். மேல் மாடி அறையில் ராத்திரி மூணு மணிக்கு அடங்கிப்போன 78 வயது உயிருக்கு யார் சாட்சி? சான்றிதழில் இருப்பது இதயம் நின்றது என்கிற ஒற்றை வரி. தெருவில் விழுந்தால் பேரிடர், கட்டிலில் செத்தால் இயற்கை!

கட்சிக்காரர்களைப் பாருங்கள். மார்ச் பிறந்தால் போதும், முனைக்கு முனை நீர்மோர்ப் பந்தல். தலைவர் படம் போட்ட வாழைமரத் தோரணம். தர்பூசணி, வெள்ளரிப் பிஞ்சு, போட்டோ. நடந்துபோகிறவனுக்கு அது உபயோகம்தான். ஆனால், பந்தல் வரை நடந்துவர முடியாதவர்தானே முதலில் சாகிறார்? நீர்மோரை எடுத்துக்கொண்டு மாடி ஏறிய ஒரு வட்டச் செயலாளரை நான் இதுவரை பார்த்ததில்லை. மாடிப்படியில் போட்டோகிராபருக்கு வெளிச்சம் போதாது போலிருக்கிறது.

அரசாங்கத்துக்கும் வெயிலுக்கும் முதியவர்களுக்கும் பழைய பந்தம் ஒன்று உண்டு. மாநில அரசில் ஓய்வுபெற்றவர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை வருடா வருடம் கருவூலத்துக்கு நேரில் போய் நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த நேர்காணலுக்குப் பல காலம் அரசு ஒதுக்கியிருந்த மாதங்கள் எவை தெரியுமா? ஏப்ரல், மே, ஜூன்! கத்திரி வெயிலில் வரிசையில் நின்று பிழைத்து வந்தால், உயிரோடு இருக்கிறீர்கள் என்று ஒப்புக்கொள்வோம் என்பதுபோல. கொரோனாவுக்குப் பிறகுதான் இந்த முறை மாறியது. மாற்ற முடிந்த ஒன்றை அதற்கு முன்பு ஏன் மாற்றவில்லை? யாரும் கேட்கவில்லை, அதனால்தான்.

எனவே இப்போது கேட்கிறேன்.

முதல் கேள்வி. தனியாக இருக்கும் முதியவர்கள் பட்டியல் எங்கே என்று கேட்டால், ‘அவ்வளவு பேரை எப்படி சார் கண்டுபிடிக்கிறது’ என்பார்கள். கதை விடாதீர்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 85 வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப்போட வசதி செய்தார்களே, அந்த முகவரிகளை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 2020-ல் கொரோனாவுக்காகச் சென்னையில் வீடு வீடாக வந்து காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார்களே, அந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பி.பி. மாத்திரையைப் படியேறி வந்து கொடுத்தார்களே, அந்தப் பதிவேடு இருக்குமே! படியேறி வருகிற அந்தப் பெண்களிடம் இன்னும் நாலு கேள்வி கொடுங்கள். மேல் மாடியா? தனியாக இருக்கிறீர்களா? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்? வெப்ப அலை எச்சரிக்கை வரும் நாட்களில் அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு ஒரு போன், எடுக்காவிட்டால் ஒரு ஆள். அந்தக் கூடுதல் வேலைக்கு அந்தப் பெண்களுக்குக் கூடுதல் சம்பளமும் கொடுங்கள். அவர்களும் அதே வெயிலில்தான் நடக்கிறார்கள்.

ரெண்டாவது கேள்வி. வெப்ப அலை வாரங்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கை ஏன் போட்டுச் சொல்லக் கூடாது? பிறப்பு இறப்புப் பதிவேடு மாநகராட்சி கையில்தான் இருக்கிறது. அகமதாபாத் போட்ட அதே அஞ்சாம் வகுப்புக் கழித்தல். வார்டு வாரியாகப் போடுங்கள். எந்தப் பேட்டையில், எந்தக் கூரைக்குக் கீழே சாகிறார்கள் என்று தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதுதான் பயமா?

மூன்றாவது கேள்வி. தெலங்கானா அரசு 2023-ல் குளிர்கூரைகளுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. நமக்கு என்ன தடை? இத்தனைக்கும் இது நம் ஊர் வித்தை. மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதிப்பது நம் கொத்தனார்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை. செலவை மிச்சம் பிடிக்க அதைக் கைவிட்ட பில்டர்கள், மேல் மாடி ஃப்ளாட்டை ‘நல்ல காற்று வரும் சார்’ என்று சொல்லி விற்கிறார்கள். வெள்ளைப் பூச்சோ தட்டோடோ இல்லாத கட்டடத்துக்கு அனுமதி இல்லை என்று ஒரு விதி போட்டால் என்ன குடிமுழுகிவிடும்?

*

அரசாங்கத்தைத் திட்டியாகிவிட்டது. கை தட்டுவீர்கள், தெரியும். இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். என் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஏ.சி. அது நானும் மனைவியும் படுக்கும் அறையில் இருந்தது. 80 வயது அம்மாவுக்கு மேற்குப் பார்த்த சின்ன அறை. மதியம் ரெண்டு மணியிலிருந்து சுவரில் வெயில். ‘நம்ம ரூம்ல வந்து படும்மா’ என்றால், ‘எனக்கு ஏ.சி. ஒத்துக்காதுப்பா’ என்பார். பல வருடம் அதை நம்பினேன். டீச்சரம்மா போன பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கேட்டேன். மெதுவாகத்தான் வந்தது பதில். ‘உங்க ரூம்ல நான் வந்து படுத்தா நல்லாவா இருக்கும்? கரன்ட் பில் வேற.’

ஒத்துக்கொள்ளாதது ஏ.சி. இல்லை. கேட்டு வாங்குகிற கூச்சம்தான் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அறைகளை மாற்றிக்கொண்டோம். இப்போது 27 டிகிரியில் வைத்துக்கொண்டு, காலுக்கு ஒரு போர்வை போட்டுக்கொண்டு நன்றாகவே தூங்குகிறார். பெருமைக்காகச் சொல்லவில்லை, இவ்வளவு வருடம் தோன்றாத வெட்கத்தில் சொல்கிறேன்.

ஏ.சி. வாங்க வசதி இல்லாத வீடுகள்தான் இங்கே அதிகம். அவர்களுக்கும் வழி இருக்கிறது. வீட்டில் எது குளிர்ந்த இடமோ அது வயதானவருக்கு. கீழ்த்தளம், கிழக்கு அறை, நடுக்கூடம் எதுவானாலும் சரி. நம் வீடுகளில் நல்ல அறை சம்பாதிக்கிறவனுக்கு, மிச்ச அறை பெரியவர்களுக்கு என்பது எழுதாத சட்டம். மே மாதத்திலாவது அதைத் திருப்பிப் போடுங்கள். பகலில் வெயில் படும் ஜன்னலுக்குத் திரை, இரவில் திறந்த ஜன்னல். திருட்டு பயத்துக்குக் கம்பி வலை போடலாம். ஃபேன் காற்றைக் குளிர்விக்காது, இருக்கிற காற்றைத்தான் தள்ளும். அறை 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் அது அனலைத்தான் வீசும். வியர்க்காத வயதான தோலுக்கு வியர்வையை நாம்தான் கொடுக்க வேண்டும். ஈரத் துண்டால் கை, கால், கழுத்தைத் துடைத்துவிட்டு ஃபேனுக்கு எதிரில் உட்கார வையுங்கள். அது வேலை செய்யும். ‘தண்ணி வேணுமா?’ என்று கேட்காதீர்கள், கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். மோரோ, கஞ்சியோ, இளநீரோ எதுவானாலும் மணிக்கொரு தரம் கொஞ்சம். இதயம், சிறுநீரகம் சரியில்லாதவர் என்றால் தண்ணீர், உப்பு, இளநீர் அளவை மட்டும் டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாமல் பேசினாலோ, உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை கை கட்டி நிற்காதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸோ, குளிர்ந்த ஈரத் துணியோ வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இது காய்ச்சல் இல்லை, மாத்திரையில் இறங்காது.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி ஒன்பது மணி போனில் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டால் ‘ஆச்சு’ என்றுதான் பதில் வரும். அதற்குப் பதில் பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையிலும் ஒரு தடவை கூப்பிடுங்கள். போன் எடுக்கவில்லை என்றால் அரை மணி நேரத்தில் ஒரு ஆள் கதவைத் தட்ட ஏற்பாடு இருக்க வேண்டும். நீங்கள் மாதா மாதம் அனுப்பும் பணத்தால் மாடி ஏற முடியாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2021-க்கு மத்திய அரசு போட்ட கணிப்பில் அது 13-ஐத் தாண்டியிருந்தது. நாட்டில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். அதாவது, இதைப் படிக்கிற நீங்களும் எழுதுகிற நானும் அந்த மேல் மாடி அறையை நோக்கித்தான் நடந்துகொண்டிருக்கிறோம். இன்று நாம் எதை இயற்கை என்று ஒப்புக்கொள்கிறோமோ, அதைத்தான் நாளை நம் பிள்ளைகள் நமக்கு எழுதி வாங்குவார்கள்.

டீச்சரம்மாவின் வீடு இப்போது வாடகைக்கு விடப்பட்டுவிட்டது. பால்கனிக் கம்பியில் அந்தக் கயிறு மட்டும் இன்னும் கட்டியபடி இருக்கிறது. தினமும் ஏழு மணிக்கு அதைப் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

உங்கள் தெருவிலும் ஒரு கூடை இருக்கும். அல்லது எடுக்காத பேப்பர், போடாத கோலம், சாயங்காலம் ஏற்றாத விளக்கு. அதைப் பார்த்தால் ‘அசந்து தூங்கறாங்க போல’ என்று போய்விடாதீர்கள். மாடி ஏறிக் கதவைத் தட்டுங்கள். தூங்கிக்கொண்டிருந்தால் திட்டு வாங்கிக்கொண்டு இறங்கலாம்.